பட்டுக்குள் இரும்பு: சிங் காவலர் கவசம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவை 1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் வம்சத்துக் காவலர்களின் கவசப் படங்களைப் பார்த்தேன். பட்டுத் துணி, அதில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். இரும்பையே காணோம். இது அம்பைத் தாங்குமா? அதற்கு முந்தைய சோங் வம்சக் காலத்தில் உடம்பெல்லாம் தகடு அணிந்த நாட்டில் ஏன் துணிக்கு இறங்கினார்கள்? படம் வரைவதற்காகக் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் குமிழ்கள் ரிவெட் (தகட்டைத் துணியோடு இறுக்கும் ஆணி) தலைகள். போர்க் கவசத்தில் துணியின் உட்புறம் இரும்புத் தகடுகளை ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து அறைவார்கள். வெளியே தெரிவது ஆணித்தலை மட்டும். சிங்குக்கு முன் ஆண்ட மிங் வம்சக் காலத்திலேயே இந்த முறை உண்டு.

இதை இறக்கம் என்று நான் சொல்லமாட்டேன். 1134இல் தெற்கு சோங் அரசு வகுத்த கணக்கைப் பாருங்கள்: தோளுக்கும் கைக்கும் 504 தகடுகள், உடலுக்கு 332, இடுப்புக்குக் கீழே 679, தலைக்கவசத்தின் கழுத்துத் திரைக்கு 310. மொத்தம் 1825. எடை பழைய சீன அளவில் 49 ஜின் 12 லியாங் (16 லியாங் ஒரு ஜின்), ஏறக்குறைய 30 கிலோ. அதில் தகடுகளைக் கோக்கும் தோல்வார் மட்டுமே ஐந்தே முக்கால் ஜின். சிக்கலே அந்த வாரில்தான். நனைந்தால் தொய்யும், வெட்டுப்பட்டால் பக்கத்துத் தகடுகளும் சேர்ந்து கழலும். தனித்தனியே அறைந்த தகட்டில் ஒன்று போனாலும் அடுத்தது நிற்கும். துணி மழையை ஓரளவு தடுத்து இரும்பைக் காக்கும். ஆனால் உள்ளே துரு ஏறுவது கண்ணில் படாது. ஆணியைச் சுற்றித் துணி இற்று, தகடு தொங்கும்போதுதான் தெரியவரும்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியான்லோங் பேரரசர் காலத்துச் சடங்கு உடையாக இருக்கும். பெய்ஜிங்குக்குத் தெற்கே நான்யுவானில் நடந்த பெரும் படை அணிவகுப்புக்காக ஹாங்சௌ அரச நெசவகம் செய்து அனுப்பியது. மற்ற நாட்களில் அரண்மனையின் சீஹுவா வாயில் மாடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். குமிழ் உண்டு, உள்ளே தகடு கிடையாது. அம்பைத் தாங்காது. பேரரசரின் உடை இதில் சேராது: அவருடைய சடங்குக் கவசம் ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் சிறு எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. அந்த வேலைப்பாட்டுக்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

வரையும்போது மேலங்கி, இடமும் வலமுமாகப் பிரிந்த கீழ்ப்பாவாடை, இரண்டு தோள்காப்பு, இரண்டு அக்குள்காப்பு, முன்பக்கம் ஒரு தொங்கல், இடது இடுப்பில் இன்னொரு தொங்கல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வலது இடுப்பில் தொங்கல் வரையாதீர்கள். அங்கே அம்பறாத்தூணி தொங்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போடுவது அடிக்கடி காணும் பிழை.

நிறத்திலும் கவனம் வேண்டும். சிங் படை கொடியின் நிறத்தால் எட்டுப் பிரிவாக இருந்தது, கவசமும் அந்த நிறம்தான். இந்த எட்டுக் கொடிப்படைகளில் நான்கு தனி நிறம்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம். மற்ற நான்கும் அதே நிறங்கள், ஓரம் வைத்தவை. மஞ்சள், வெள்ளை, நீலத்துக்குச் சிவப்பு ஓரம். சிவப்புக்கு மட்டும் வெள்ளை ஓரம்.