நாலு கட்டைப்பை நிறையக் காகிதம்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு பாளையங்கோட்டையில். தபாலில் வருவது, பாங்க் கடுதாசி, தீர்வை ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஃப்ரிட்ஜ் மேலும் டிவி பக்கத்திலும் சேர்ந்து, கடைசியில் ஜவுளிக்கடை கட்டைப்பைக்குள் போய்விடுகிறது. அப்படி நாலு பை இருக்கிறது. மாமா ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறிய விடமாட்டார். போன மாதம் ஒரு தீர்வை ரசீதைத் தேடியே ரெண்டு நாள் போய்விட்டது. எங்கிருந்து ஆரம்பிக்க?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நாலு பையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொட்டி ஒதுக்கிவிடலாம் என்று மட்டும் உட்காராதீர்கள் தங்கச்சி, மத்தியானத்துக்குள் அலுத்துப்போய் எல்லாம் திரும்பப் பைக்குள்ளேயே போய்விடும். முதலில் இன்றைக்கு வருகிற காகிதத்துக்கு ஒரு வழி பண்ணுங்கள்.

முன்பு நம்ம பக்கத்து வீடுகளில் தார்சாவிலோ பட்டாசலிலோ வளைந்த கம்பி ஒன்று தொங்கும். கடுதாசியை வாசித்ததும் அதில் குத்திவிடுவார்கள், தேடினால் அங்கேதான் இருக்கும். அந்தக் கம்பிக்குப் பதிலாக வாசல் பக்கம் ஒரு ஓலைப்பெட்டி வையுங்கள். வந்த உறையை நின்றபடியே பிரித்து, உறையையும் விளம்பரத் தாளையும் அப்போதே கழித்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டியில் போடுங்கள். சனிக்கிழமைதோறும் பெட்டி காலியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் இருக்கிறதே என்று தயங்குகிறோம். தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, கல்யாணம் முடிந்ததும் பழைய பேப்பர்க் கட்டோடு சேர்த்துவிடலாம், தப்பில்லை.

அப்புறம் அசல்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பிறப்பு இறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ்கள், எல்ஐசி பாண்டு, மாமாவின் பென்ஷன் உத்தரவு, இவ்வளவும் ஒரே பையில், தண்ணீர் புகாத ஜிப் பையில், பரண் மாதிரி உயரமான இடத்தில் இருக்கட்டும். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், பழைய நகல்களைக் குவிக்க வேண்டாம். ஆனால் அசல் பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று, பேப்பரில் விளம்பரம் என்று அலையவேண்டிவரும். வீட்டுக்கடன் கட்டி முடித்தவர்கள் பாங்க்கில் இருக்கும் பத்திரத்தை மறந்துவிடாதீர்கள், 30 நாளைக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டிருக்கிறது.

உயரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததை மறக்க முடியவில்லை. சிந்துபூந்துறையில் எங்கள் சித்தி வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் சேறாகப் போயின. அவசரமாகப் பிரித்துப் பார்த்ததில்தான் பாதி கிழிந்தது. நனைந்த காகிதத்தைப் பிரிக்காமல், வெயிலில் போடாமல், வெள்ளைத் தாள் மேல் பரத்தி நிழலிலேயே காயவைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

கரண்ட் பில், கேஸ் பில் எல்லாம் அடுத்த பில் வந்து கணக்குச் சரியாக இருந்தால் போதும். தீர்வை ரசீது மட்டும் வருஷவாரியாக ஒரு ஃபைலில் போகட்டும். மிக்சி, ஃபேன் வாங்கிய பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அந்த வழவழப்பான தாள் சூட்டில் எழுத்தழிந்துபோகும், வாரண்டி கேட்கும்போது வெறும் தாள்தான் கையில் இருக்கும். ஆதார் நகல், பாங்க் கணக்கு விவரம் உள்ள தாள்களைக் கிழித்த பிறகே எடைக்குப் போடுங்கள்.

மாமா விஷயம். எறிய விடமாட்டார் என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ரசீது இல்லாமல் தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்த தலைமுறை அது. அவர் இல்லாத நேரம் பார்த்து எதையும் கழித்துவிடாதீர்கள். சாயங்காலம் காப்பி கொடுத்து, ஒரு பையை மட்டும் எடுத்து அவர் முன்னால் வையுங்கள். எந்த சர்வே நம்பர் எந்த வயல், எந்தப் பங்கு யாருக்குப் போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல உறை மேல் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாததை அவர் கையாலேயே ஒதுக்கச் சொல்லுங்கள், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ஒதுக்குவார். மாசத்துக்கு ஒரு பை போதும்.

கேள்வி: தாத்தா காலத்துப் பத்திரம் மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்யலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் தம்பி. சூட்டில் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, முத்திரையும் கையெழுத்தும் அசல்தானா என்று பார்ப்பதும் கஷ்டம். செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், பசை பழுத்து எழுத்தைத் தின்னும். மடிக்காமல், அகலமான ஃபைலில் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, ராமபாணப் பூச்சி வராமலிருக்க ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டு அதையே புழங்குங்கள், அசலை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்காது.