சாரா பர்சர் யார்? உருவப்படம் வரைந்தே எப்படிப் பிழைத்தார்?

சாரா பர்சர் (1848–1943) அயர்லாந்தின் உருவப்பட ஓவியர். உருவப்பட ஓவியர் என்றால், ஆளை எதிரில் உட்காரவைத்து, அவர் சாயலும் குணமும் தெரியும்படி வரைந்து கூலி வாங்குபவர்.

அவர் இதைத் தொழிலாக எடுத்ததற்குக் காரணம் பணமுடை. 1873இல் அப்பாவின் மாவு வியாபாரம் நொடித்துப்போனது. டப்ளினில் ஓவியம் படித்தார். அப்புறம் பாரிஸில் ஜூலியன் அகாடமியில் சுமார் ஆறு மாதம். அந்தக் காலத்தை ஒட்டி வரைந்த ஓர் ஓவியம் டப்ளின் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது: காலை உணவு மேசையில், நினைப்பு வேறெங்கோ இருக்க, ஒரு பெண். கூலிக்கு வரைந்த பலவற்றைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

சரி, வாடிக்கையாளர் எப்படிக் கிடைத்தார்கள்? ஒரு கல்யாண ஆல்பத்தைப் பார்த்து அடுத்த வீட்டார் அதே போட்டோகிராஃபரைக் கூப்பிடுவார்களே, அதே கதைதான். பிரிட்டிஷ் பிரபுக்களிடையே தட்டம்மை போலப் பரவினேன் என்று அவரே கேலியாகச் சொல்லியிருக்கிறார். வந்த காசைக் கின்னஸ் என்ற பீர் கம்பெனியின் பங்குகளில் போட்டார், கெட்டிக்காரி!

இவ்வளவு பெயர் இருந்தும், அயர்லாந்துக் கலைஞர்களின் அமைப்பான ராயல் ஹைபர்னியன் அகாடமி அவரை முழு உறுப்பினராக ஏற்றது 1924இல்தான். அங்கே அந்த இடம் பெற்ற முதல் பெண் அவர். அப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

1903இல் அவர் தொடங்கிய ‘அன் டூர் க்ளினே’ பட்டறையின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களெல்லாம் அவர் கைவேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் அங்கிருந்த மற்றக் கலைஞர்கள், பட்டறையை நடத்தியதுதான் அவர்.