சிஸ்டர் சாப்பிடப் போயிருக்காங்க – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஒன்பது வருட சர்வீஸ். பெயரைப் போட வேண்டாம்.

போன மாதம் ஒரு நாள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை டியூட்டி. இரண்டு பேர் லீவு. 22 பெட்டுக்கு நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையும்தான். விடியக்காலம் வீட்டில் ஒரு கட்டன் குடித்ததோடு சரி. மதியம் மூன்றரைக்குத்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். நாலு வாய் உண்டிருப்பேன். ஒரு நோயாளியின் மகன் வாசலில் வந்து நின்று, "இங்க ஆளு வலியில கெடக்காரு, நீங்க இருந்து தின்னுதீங்களா?" என்று வார்டே கேட்கும்படி சத்தம் போட்டார். மூடி வைத்துவிட்டு ஓடினேன். பெரியவருக்கு ஒன்றுமில்லை, தலையணை சரிந்திருந்தது.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவரிடம் சொன்னேன். "இருந்தாலும் நோயாளிய விட்டுட்டுப் போனது சரியில்லதானே மக்களே" என்றார். அதுதான் அந்த மகன் திட்டியதைவிட வலித்தது.

நர்ஸ் தினத்துக்கு எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். அதே மேடையில் இன்னொருவர், இது நெய்யூர் ஆஸ்பத்திரியின் அறுவைசிகிச்சை டாக்டர் சோமர்வெல் வாழ்ந்த மண், நமக்குப் பசியும் தூக்கமும் பெரிதல்ல என்றார். இரண்டுக்கும் கைதட்டினோம். பாத்ரூம் போக நேரம் கிடைக்காது என்று நான் டியூட்டியில் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வருடம் மட்டும் இரண்டு தடவை யூரின் இன்ஃபெக்ஷன். நோயாளி கிடக்கும்போது நான் சாப்பிடப் போவது சுயநலமா? இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்களிடம் சத்தம் போட்ட அந்த மகனாக நானும் ஒரு நாள் இருந்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும்.

2009-ல் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மதியம் டிரிப் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் மேலேறத் தொடங்கியது. நான் பயந்துபோனேன். நர்ஸ் மேஜையில் ஆளில்லை. அடுத்த வார்டில் கேட்டால் தெரியாது என்றார்கள். கடைசியில் மருந்து வைக்கும் அறையின் கதவைத் தள்ளினேன். குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் ஒரு பெண் உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தை வைத்துச் சோறு உண்டுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து குழாயை அடைத்து, ஊசியைச் சரிபார்த்து, புது பாட்டில் மாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மணிக்கட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

குழாயில் கொஞ்சம் ரத்தம் ஏறுவது பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, பெரும்பாலும் அதனால் ஆபத்தில்லை, ஊசி அடைத்துக்கொண்டால் மறுபடி குத்த வேண்டிவரும் என்று பின்னால் ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். அன்றைக்கு அதை எனக்குச் சொல்ல யாருமில்லை. எனக்கு உண்மையில் கோபம் வந்தது அவள் சாப்பிட்டதற்காகத்தானா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் ஒரு வராண்டா முழுக்க ஓடினேனே, அந்தக் கோபம் அது. அவள் தலையில் இறங்கிவிட்டது.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் கேள்வியே கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சாப்பிடலாமா கூடாதா என்பதில் பேச ஒன்றுமில்லை. நீங்கள் சாப்பிடும் அந்த இருபது நிமிடம் 22 பெட்டும் யார் கையில் இருக்கின்றன? பேச வேண்டியது அதைத்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டுமல்ல.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதை எழுதி 160 வருடத்துக்கு மேலாகிறது. நீ இருக்கும்போது நடக்கிற காரியம் நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால், நீ செய்த நல்ல பணிவிடையெல்லாம் பாழாகிவிடும் என்கிறார். அவர் பிறந்தநாளான மே 12-ல் கேக் வெட்டுகிறோம், விளக்கு ஏற்றுகிறோம். இந்த வரியை மேடையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. நர்ஸ் இடத்தைவிட்டு நகரவே கூடாது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். நகர்வாள் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

சோமர்வெல்லையும் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தையும் அதைப் பார்க்க இருந்த டாக்டர்களின் எண்ணிக்கையையும் கண்டு, லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்தார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே, 1924-ல், மறுபடியும் எவரெஸ்ட் ஏறப் போனார். ஏறத்தாழ 28,000 அடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து கத்தியைப் பிடித்தார். அதற்கப்புறமும் எத்தனையோ வருடம் இங்கே இருந்தார். நெய்யூர் வராண்டாவில் நோயாளிகள் கிடக்க மலையேறப் போனாரே என்று அவரை யாரும் ஏசவில்லை. உங்களுக்கு இமயமலை வேண்டாம், ஒரு வாய் சோறுதான்.

டாக்டர் என்றதும் இன்னொன்று. ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிறோம். "டாக்டர் சாப்பிடப் போயிருக்கார், மூணு மணிக்கு வருவார்" என்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? வெளியே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்து காத்திருக்கிறோம். சிஸ்டர் சாப்பிடப் போயிருக்காங்க என்றால் மட்டும் ஏன் பொறுக்க முடிவதில்லை? வீட்டில் எல்லோருக்கும் விளம்பிவிட்டுக் கடைசியில் மிச்சத்தை உண்ணும் பெண்ணை ஆஸ்பத்திரியிலும் எதிர்பார்க்கிறோம், வேறென்ன. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு, கொரோனா நேரத்தில் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி சொல்ல, எங்கள் தெருவில் தட்டு தட்டாத வீடு இல்லை. நானும் ஒரு எவர்சில்வர் தட்டை நெளித்தேன். அதே தட்டில் நர்ஸ் சோறு உண்டால் நமக்கு ஆகாது.

இனி நோயாளியின் பக்கமிருந்து பார்க்கலாம். 1997-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 17 மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்ணும் கையும் இணைந்து செயல்படும் திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதைக் காட்டியது. நம் நாட்டில் 0.03-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது. காலை ஆறு மணிக்கு எழும்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, துவைத்து, பகலில் கண்ணசராமல் நைட் டியூட்டிக்கு வருகிறவருக்கு இரவு 11 மணிக்கே 17 மணிநேரம் ஆகிவிடுகிறது. மிச்ச இரவு முழுக்க அவர் கையில்தான் இன்சுலின் ஊசி இருக்கிறது. அதுவும் எப்படிப்பட்ட ஊசி! சிவப்பு மூடி என்றால் மில்லிக்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடி என்றால் 100 யூனிட். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் அதன் கோட்டைப் பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிப்போவார். ஒரு மூடியின் நிறம்தான் நடுவில் நிற்கிறது. பசியும் தூக்கமும் கண்ணைக் கட்டும் நாலு மணிக்கு அந்த நிறத்தைச் சரியாகப் பார்க்கும் கண் நமக்கு வேண்டுமா, வேண்டாமா?

இதைத்தான் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், அவருடைய பாஷையில். அவர் ஒரு மரத்தைத் தினமும் வெட்டுவாரா? ஒன்று விட்டு ஒரு நாள்தானே. இலை உதிரும் காலத்தில் கத்தியையே எடுப்பதில்லை. ஆசைப்பட்டு அடுத்தடுத்த நாள் வெட்டினால் பட்டை மரத்துப் பால் நின்றுபோகும் என்று அவர் கைக்குத் தெரியும். மரத்துக்கு ஓய்வு கொடுப்பதை முதலாளியும் சுயநலம் என்று சொல்வதில்லை, அடுத்த வருடப் பாலுக்காக என்றுதான் கணக்கு வைக்கிறான். உங்கள் அப்பா இதைக் கேட்டதும் பேசாமல் வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார் என்று நினைக்கிறேன். அவர் வெற்றிலை போடுவாரா என்பது வேறு விஷயம்.

இந்த விஷயத்தில் வார்டுக்குள் சட்டத்தின் குரல் கேட்பதே அரிது. நம் மாவட்டத்து அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் அக்காவுக்குக்கூட, ஐந்து மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அரை மணிநேரமாவது இடைவேளை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டுமென்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. நர்ஸ்களுக்கென்றே 1977-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. அதோடு வந்த பரிந்துரையில் சாப்பாட்டு இடைவேளை, டியூட்டி நேரத்துக்குள்ளேயே ஓய்வு, ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 12 மணிநேரம் எல்லாம் இருக்கின்றன. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை.

அதனால்தான் அந்த மூச்சுப்பயிற்சி வகுப்பின்மேல் எனக்கு எரிச்சல். மூச்சுப்பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் இரண்டு பேர் லீவு போட்ட நாளில் மாற்று ஆள் போடாத நிர்வாகம் 'உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று நர்ஸிடம் சொன்னால், தன் வேலையை நைசாக அவர் தலையில் கட்டுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. தண்ணீர் குடியுங்கள் என்று சொல்பவர், பாத்ரூம் போய்வரும் ஐந்து நிமிடம் யார் பார்ப்பார் என்பதையும் சொல்லட்டும்.

மறுபக்கமும் உண்டு. பெல் அடித்துக்கொண்டே இருக்க, மேஜையில் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நர்ஸை நானும் பார்த்திருக்கிறேன். ஜனங்களின் கோபம் முழுக்க வானத்திலிருந்து விழுந்ததல்ல. அப்புறம், ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது நீங்கள் சாப்பிடப் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் பட்டினி கிடப்பது இந்தத் தொழிலில் உள்ளதுதான். ஒவ்வொரு நாளும் அந்த நாளாக இருந்தால் கணக்கு எங்கேயோ தப்பு.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் கொடுக்கிறீர்களே, அதையே சின்னதாகச் சாப்பாட்டுக்கும் கொடுக்க முடியுமா? பதினொரு மணிக்கே யார் எப்போது போவது என்று நோட்டில் எழுதிவிடுவது. போகும்போது மூன்றே வரி: ஐந்தாம் பெட் ஆன்டிபயாடிக் இரண்டு மணிக்கு, ஒன்பதாம் பெட்டுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், பன்னிரண்டாம் பெட் தனியாக எழும்பக் கூடாது. கூட இருப்பது புதுப் பிள்ளை மட்டும்தான் என்றால் பக்கத்து வார்டிலிருந்து ஒருவர் வந்து நிற்க வேண்டும், அந்த ஆளைத் தர வேண்டியது இன்சார்ஜ். அவர் முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள், தனியாக அல்ல, நாலைந்து பேர் சேர்ந்து. உண்ணும்போது ஃபோனை வார்டிலேயே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்களைச் சோற்றிலிருந்து எழுப்பும்.

போகும் முன் வார்டில் நின்று, கட்டிலுக்குத் துணையாக இருப்பவர்களிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். "நான் சாப்பிட்டுட்டு ரெண்டரைக்கு வந்துருவேன். அதுவர இந்த சிஸ்டர் உண்டு. அண்ணே, உங்க அப்பாவுக்கு டிரிப் முடிய இன்னும் முக்கால் மணிக்கூர் ஆகும், பயப்படாதீங்க."

2009-ல் இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்த மருந்தறைக் கதவைத் தள்ளியிருக்க மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்