முற்றிய புற்றுநோயாளிக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை கிடைக்குமா?

தக்கலை அருகே வீட்டில் இருக்கும் உங்கள் தந்தைக்கு இனி சிகிச்சை பயன்படாது என்று சொல்லிவிட்டார்கள், தொண்டு அமைப்புகளால் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப் புண், உறக்கமின்மை ஆகியவற்றைத் தணிப்பதே பாலியேட்டிவ் கேர் எனப்படும் ஆதரவுச் சிகிச்சை.

செவிலியர் வீட்டுக்கு வந்து புண்ணைச் சுத்தம் செய்வார். சிறுநீர்க் குழாயை மாற்றுவார். அவற்றைவிட முக்கியமாக, இரவில் வலி கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று குடும்பத்தாருக்குக் கற்றுத்தருவார். கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரையை மருத்துவர் எழுதித் தரும்போது பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. மருத்துவக் கண்காணிப்பில் சரியான அளவில் கொடுக்கும்போது அது நோயாளியை அடிமையாக்குவதோ மரணத்தை விரைவுபடுத்துவதோ அரிது. ஆனால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

நெய்யூரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கு முதலில் விசாரியுங்கள். எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா அறக்கட்டளையிடமும் வழி கேட்கலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடி வரும் ஆதரவுச் சிகிச்சை உண்டு என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே போய்வாருங்கள்.