மறு: தலையில் அடிபட்டு ஆறு வாரம், நடந்தாலே தலைவலி

இன்னமும் இருட்டறையில் படுத்திருக்கிறேன் என்கிறீர்களே, ஓய்வு முதல் ஓரிரு நாளுக்குத்தான், அதுவும் இப்படி முழுதாக முடங்கிக் கிடப்பதல்ல. பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி குழு உருவாக்கிய ட்ரெட்மில் சோதனையை மருத்துவர் மேற்பார்வையில் செய்து பாருங்கள். முதலில் வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கு நிமிடம் சரிவைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். தலைவலி தெளிவாகக் கூடும் இடத்து இதயத்துடிப்புதான் உங்கள் வரம்பு. அது நிமிடத்துக்கு 140 என்றால், பயிற்சிக்கு அதில் 80 சதவீதம், அதாவது 112. அந்த அளவில் தினம் 20 நிமிடம் உடற்பயிற்சி சைக்கிள். தலைவலிக்குப் பத்துக்கு இத்தனை என்று நீங்கள் போடும் மதிப்பெண் 2 புள்ளி ஏறினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். "இன்று நன்றாக இருக்கிறதே" என்று 130க்குப் போவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

இந்தப் பயிற்சி முறையை நீட்சிப் பயிற்சியோடு ஒப்பிட்டதாக நீங்கள் கேட்ட 2019 ஆய்வில், இப்படிப் பயிற்சி செய்தவர்கள் 13 நாளில், நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாளில் தேறினார்கள். இரண்டும் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் அத்தனை நாளுக்குள் தேறிவிட்டார்கள். ஆனால் அவர்கள் அடிபட்டு 10 நாளுக்குள் வந்த பதின்வயதினர். அந்தக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. தலையைத் திருப்பினாலே சுற்றுகிறதென்றால் கழுத்தையும் உள்காதையும் பிசியோதெரபிஸ்டிடம் தனியாகக் காட்டுங்கள்.