அப்பாவைத் தேடச் சொன்னால் ஆட்டக்காரர் சிப்பி பொறுக்குகிறாரா?

அப்பாவின் படகு கரை திரும்பவில்லை என்று உங்கள் கேம் தொடங்குகிறது, ஆனால் ஆட்டக்காரர்கள் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலிருந்து தொண்டிவரை சுற்றிக்கொண்டே கதையை மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரைபடத்தைச் சுருக்க வேண்டாம். அந்தக் கடற்கரைதான் உங்கள் கேமின் உயிர்.

"உடனே போ" என்ற முதல் வசனம்தான் சிக்கல். பத்து நாள் கழித்துப் போனாலும் அப்பா அப்படியே காத்திருந்தால் யார் நம்புவார்? 2015இல் வந்த விட்சர் 3 கேமிலும் வளர்ப்பு மகளைத் தேட வேண்டிய நாயகன் ஜெரால்ட் ஊர் ஊராகச் சீட்டாடலாம். 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட் கேம் இதை அழகாகத் தீர்த்தது: எதிரி நூறாண்டாக அடைபட்டிருக்கிறான், தயாராகும்வரை சுற்றுவதே கதை.

உங்களுக்கு அந்த அவகாசத்தை மீன்பிடித் தடைக்காலம் தரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வலை பின்னுமிடத்திலும் டீக்கடையிலும் துப்புத் தேடி அலைவது இயல்பாகவே இருக்கும்.

அப்புறம் கதையை ஐப்பசி, கார்த்திகைக்குக் கொண்டுபோங்கள். பாம்பனில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் கடிகாரமாக்குங்கள். ஆனால் நேரம் ஓடுவதால் கூண்டின் எண் ஏறக் கூடாது. முக்கியக் கதைப்பணி ஒன்று முடிந்தால் மட்டும் ஏறட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஊர் மாற வேண்டும்: வள்ளங்களை மேட்டுக்கு இழுக்கிறார்கள், கருவாட்டைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள், சில்லறை வேலை கொடுத்த அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குக் கிளம்புகிறார். சுற்றுகிறவர் கண்ணிலும் கதை பட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் பாம்பனை மட்டும் இப்படிச் செய்து, கேம் தெரியாத ஒருவரிடம் விளையாடக் கொடுத்துப் பாருங்கள்.