டாக்டர் பதில்கள்: மாமியாருக்கு மட்டும் ஏன் இவ்வளவு முற்றியது?

கேள்வி: கார்த்திகையில் நானும் மாமியாரும் ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்தோம். பத்து நாள் கழித்து இருவருக்கும் காய்ச்சல். நான் மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்ணிக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள், தேறிவிட்டேன். மாமியார் (வயது 63) ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். ஒன்பதாம் நாள் மூச்சுத்திணறல், ஐ.சி.யூ., வென்டிலேட்டர். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். "சர்க்கரை இருக்கு, அதான்" என்கிறார்கள் உறவினர்கள். அதுதான் காரணமா?
- வாசகி, செங்கம்

பதில்: அவர் பிழைத்து வந்தது பெரிய விஷயம். காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: உங்களுக்கு மூன்றாம் நாள், அவருக்கு ஒன்பதாம் நாள். சர்க்கரை, வயதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கிருமி நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. முதல் வாரம் வெறும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. இரண்டாம் வாரத்தில் புண்ணான குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு திணறும். சிறுநீரகம், ஈரல், மூளை என்று எதையும் இது விட்டுவைப்பதில்லை. உங்கள் மாமியார் ஆஸ்பத்திரிப் படி ஏறியது சரியாக இந்தக் கட்டத்தில்.

என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி வரும் நோயாளிகளின் சீட்டில் நான் வழக்கமாகப் பார்ப்பது, டைஃபாய்டாக இருக்கும் என்று போட்ட செஃபலோஸ்போரின். அது கிருமியின் செல்சுவரைத் தாக்கும் மருந்து, இந்தக் கிருமியிடம் எடுபடாது. ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் நாள்தான் ஓடும். இதற்குக் கேட்பது டாக்ஸிசைக்ளின், விலை மலிவான மாத்திரை. ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

முற்றியவர்களுக்கு என்ன செய்வது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று, இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் சீக்கிரம் விலகின. ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்களின் விகிதம் எந்தப் பிரிவிலும் பெரிதாக மாறவில்லை. நாள் கடந்துவிட்டால் இரண்டு மருந்து சேர்ந்தாலும் அவ்வளவுதான் செய்ய முடிகிறது.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், கிருமியை ஏற்றும் சிற்றுண்ணி என்ற பூச்சி கடித்த இடம் கண்ணில் படாதது. சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. துணி இறுக்கும் இடமாகப் பார்த்துத்தான் அந்தப் பூச்சி கடிக்கும்: பாவாடை நாடா கட்டும் இடுப்பு, மார்புக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு. ஈரமான மடிப்பில் கறுப்பாகக்கூட இருக்காது, வெளிறிய சின்னப் புண்ணாகத்தான் தெரியும். வயதான பெண்கள் டாக்டரிடம் கையை நீட்டுவார்களே தவிர, புடவையைத் தளர்த்த மாட்டார்கள். டாக்டரும் கேட்கமாட்டார். எங்கள் வார்டுக்கு வரும் இளம் டாக்டர்களிடம் நான் ஓயாமல் சொல்வது, "அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பாரப்பா" என்பதுதான். பொருக்கு இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வயது கூடினால் ஆபத்தும் கூடும், உண்மைதான். கிருமியிலும் பல ரகம் உண்டு. ஒரே கரையில் கடிபட்ட இரண்டு பேருக்கு இரண்டு ரகம் ஏறியிருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எந்தத் தொற்றிலிருந்தும் தேறுவது சிரமம். ஆனாலும் பழியை முழுக்க அதன்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் 'இல்லை' என்று வந்தது. தட்டணுக்கள் குறைந்ததால் டெங்கு என்றார்கள். பிறகு உண்ணிக் காய்ச்சல்தான் என்றார்கள். எதை நம்புவது?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இரண்டிலும் தட்டணுக்கள் குறையும், இரண்டும் மழைக்காலத்தையொட்டி அதிகம் வரும். ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது ரத்தத்தில் சேரவே ஒரு வாரம் ஆகும் என்பதால் நான்காம் நாள் 'இல்லை' என்று வந்ததற்குப் பெரிய அர்த்தமில்லை. டெங்குவில் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். அதைத் தாண்டியும் அடித்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால், ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதே நல்லது.

கேள்வி: மகள் ஐந்து மாத கர்ப்பிணி. வீட்டு நாய்க்கு உண்ணி நிறைய. பயமாக இருக்கிறது.
- வாசகி, ஆரணி

பதில்: இந்தக் காய்ச்சலைத் தருவது நாய் உண்ணி இல்லை. புதர்களிலும் எலி நடமாடும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. நாய் உண்ணி வேறொரு காய்ச்சலைத் தரக்கூடியது, அதனால் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் கரு கலையும் ஆபத்து அதிகம். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே போங்கள். அவருக்குப் பொதுவாக அசித்ரோமைசின்தான் கொடுப்பார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் டாக்ஸிசைக்ளினை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது. நிறுத்தலாமா?
- வாசகர், போளூர்

பதில்: வேண்டாம். சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன், உட்கார்ந்து விழுங்குங்கள். அரை மணி நேரம் படுக்காதீர்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால்தான் புண்ணாக்கும். அப்படியும் எரிந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.